அக்குள்

அக்குள் என்பது மேற்கை உடலோடு சேரும் இடத்தில், தோள் மூட்டுக்குக் கீழே அமைந்துள்ள கூம்பு வடிவ இடைவெளி ஆகும். வெளியிலிருந்து பார்க்கையில் தோலும் முடியும் வியர்வையும் கொண்ட ஒரு குழியாக மட்டுமே தெரியும் இப்பகுதி, உள்ளே கழுத்தையும் மார்பையும் கையையும் இணைக்கும் ஒரு வழித்தடமாக அமைந்துள்ளது. கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி, கையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை, கையை இயக்கும் நரம்புகள், கை மற்றும் மார்பகத்தின் நிணநீரை வடிகட்டும் கணுக்கள் ஆகியவை இந்தச் சிறிய இடத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. இதனால் அக்குளுக்கு அருகே ஏற்படும் ஒரு காயம் கை முழுவதையும் செயலிழக்கச் செய்யக்கூடும். அக்குளில் தோன்றும் ஒரு சிறு கட்டி விரல் நுனியில் உள்ள புண்ணையோ மார்பகத்தில் உள்ள நோயையோ காட்டித் தரக்கூடும்.

பெயர்

அக்குள் என்பது எழுத்து வழக்கிலும் பாடநூல்களிலும் பயன்படும் சொல். கொங்கு நாடு உள்ளிட்ட பல பகுதிகளில் பேச்சு வழக்கில் கக்கம் என்பர். கமுக்கட்டு என்ற சொல்லும் உண்டு. கூச்சம் காட்டுவதைக் குறிக்கும் அக்குளுத்தல் என்ற வினை இப்பகுதியின் பெயரோடு தொடர்புடையது.

குடையையோ துணிப்பையையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பது ஊர்ப்புறங்களில் இன்றும் காணப்படும் வழக்கம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது, சாதியால் தாழ்த்தப்பட்டோர் மீதும் பண்ணையாட்கள் மீதும் திணிக்கப்பட்ட அடிமைத்தனத்தின் அடையாளமாக இருந்தது.

எல்லைகள்

அக்குளை நான்கு சுவர்களும், மேலே ஒரு முனையும், கீழே ஒரு அடித்தளமும் கொண்ட கூம்பாக உடற்கூற்றியலார் விவரிக்கின்றனர்.

முன்சுவர்: மார்பின் பெரிய தசையான பெக்டோரலிஸ் மேஜர், அதன் பின்னே உள்ள சிறிய தசையான பெக்டோரலிஸ் மைனர், காறை எலும்புக்கு அடியிலுள்ள சப்கிளேவியஸ் தசை, இவற்றைச் சூழ்ந்த உறை ஆகியவற்றால் ஆனது.

பின்சுவர்: தோட்பட்டை எலும்பின் முன்பக்கத்தை மூடியுள்ள சப்ஸ்கேப்புலாரிஸ், அதற்குக் கீழே டெரிஸ் மேஜர், முதுகின் அகன்ற தசையான லாட்டிசிமஸ் டார்சி ஆகிய தசைகளால் ஆனது.

உட்சுவர்: மேல் விலா எலும்புகள், அவற்றுக்கு இடைப்பட்ட தசைகள், அவற்றின் மேல் படிந்துள்ள செரேட்டஸ் ஆன்டீரியர் தசை ஆகியவற்றால் ஆனது.

வெளிச்சுவர்: மிகக் குறுகியது. மேற்கை எலும்பின் மேற்பகுதியில் உள்ள பள்ளமே இச்சுவராகும்.

அடித்தளம் என்பது நாம் கண்ணால் காணும் தோலும் அதன் அடியிலுள்ள உறையும் ஆகும். மேல்முனை, முதல் விலா எலும்பு, காறை எலும்பு, தோட்பட்டை எலும்பின் மேல்விளிம்பு ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள ஒரு முக்கோண வாயில். கழுத்திலிருந்து வரும் நரம்புகளும், மார்புக்கூட்டிலிருந்து வரும் இரத்தக் குழாய்களும் இந்த வாயில் வழியாகவே அக்குளுக்குள் நுழைகின்றன.

இச்சுவர்களைத் தொட்டே அறியலாம். கையைச் சற்று விலக்கி, அக்குளின் முன்மடிப்பைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பிடித்தால் கையில் அகப்படுவது பெக்டோரலிஸ் மேஜர். பின்மடிப்பைப் பிடித்தால் அகப்படுவது லாட்டிசிமஸ் டார்சியும் டெரிஸ் மேஜரும் ஆகும். கையை முழுவதும் உயர்த்தினால் இத்தசைகளும் உறையும் இறுகிக்கொள்வதால் உள்ளே தொட்டுணர முடியாது. அதனால்தான் அக்குளில் கட்டி உள்ளதா என்று பார்க்கும் மருத்துவர், நோயாளியின் கையைத் தாங்கிப் பிடித்துத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பரிசோதிக்கிறார்.

இரத்தக் குழாய்கள்

காறை எலும்புக்கு அடியில் வரும் தமனி, முதல் விலா எலும்பின் வெளிவிளிம்பைக் கடந்ததும் அக்குள் தமனி என்ற பெயரைப் பெறுகிறது. டெரிஸ் மேஜர் தசையின் கீழ்விளிம்பைக் கடந்ததும் அது மேற்கைத் தமனி ஆகிறது. இடையில் பெக்டோரலிஸ் மைனர் தசை இதன் குறுக்கே செல்வதால், தமனி மூன்று பகுதிகளாகப் பிரித்து விவரிக்கப்படுகிறது. தசைக்கு மேலே உள்ள முதற்பகுதியில் ஒரு கிளையும், தசையின் பின்னே உள்ள இரண்டாம் பகுதியில் இரண்டு கிளைகளும், தசைக்குக் கீழே உள்ள மூன்றாம் பகுதியில் மூன்று கிளைகளும் பிரிகின்றன. பகுதியின் எண்ணே கிளைகளின் எண்ணாக இருப்பதால் மாணவர்கள் இதை எளிதில் நினைவில் கொள்ளலாம்.

இக்கிளைகளில் சில தோட்பட்டை எலும்பைச் சுற்றி, கழுத்துப் பகுதித் தமனியின் கிளைகளோடு இணைகின்றன. முதன்மைத் தமனி மெதுவாக அடைபட்டுவந்தால், இந்தச் சுற்றுவழி விரிவடைந்து கைக்கு இரத்தம் கொண்டு செல்லக்கூடும். திடீரென அறுபட்டால் அதற்கு அவகாசம் இருப்பதில்லை.

அக்குள் சிரை தமனியின் உட்பக்கத்தில் செல்கிறது. இரண்டும் இவ்வளவு அருகருகே இருப்பதால், அக்குளில் ஆழமாகப் பாயும் கத்திக் குத்தோ கண்ணாடிச் சில்லோ இரண்டையும் ஒருசேர அறுத்துவிடக்கூடும்.

நரம்புப் பின்னல்

கழுத்தின் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் ஐந்தாம் முதல் எட்டாம் கழுத்து நரம்புகளும், முதலாம் மார்பு நரம்பும் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கைக்குச் செல்கின்றன. இதற்குப் புய நரம்புப் பின்னல் என்று பெயர். மருத்துவமனைகளில் பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற பெயரே வழங்குகிறது. ஐந்து வேர்கள் சேர்ந்து மூன்று தண்டுகளாகின்றன. ஒவ்வொரு தண்டும் முன், பின் என இரண்டாகப் பிரிந்து ஆறு பிரிவுகளாகின்றன. அவை மீண்டும் சேர்ந்து மூன்று வடங்களாகி, அக்குள் தமனியின் இரண்டாம் பகுதியைச் சுற்றி வெளிப்புறம், உட்புறம், பின்புறம் என அமைகின்றன. வேர்களும் தண்டுகளும் கழுத்திலும், வடங்களும் இறுதிக் கிளைகளும் அக்குளிலும் உள்ளன.

இறுதிக் கிளைகள் ஐந்து. ஒவ்வொன்றையும் அதன் வேலையால் அறியலாம்.

மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு முழங்கையை மடக்கும் தசைகளை இயக்குகிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது இதனால்தான்.

அக்குள் நரம்பு தோளைப் போர்த்தியுள்ள டெல்டாய்டு தசையை இயக்கிக் கையைப் பக்கவாட்டில் உயர்த்துகிறது. தோள் மூட்டு நழுவும்போது இந்நரம்பு இழுபடலாம். அப்போது தோளின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி மரத்துப்போகும்.

ரேடியல் நரம்பு முழங்கையை நீட்டவும், மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கவும் உதவுகிறது.

மீடியன் நரம்பு விரல்களை மடக்குவதிலும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருவதிலும் முதன்மையானது. பூத் தொடுக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் இது தேவை.

அல்னார் நரம்பு விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் கையின் நுண்ணிய தசைகளை இயக்குகிறது.

இவை தவிர, அக்குளின் உட்சுவரில் இறங்கும் நீள் மார்பு நரம்பு செரேட்டஸ் ஆன்டீரியர் தசையை இயக்குகிறது. அறுவை சிகிச்சையின்போது இது சேதமடைந்தால், கையால் சுவரைத் தள்ளும்போது தோட்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டாம் விலா இடைவெளியிலிருந்து வரும் மற்றொரு மெல்லிய நரம்பு, அக்குள் தோலுக்கும் மேற்கையின் உட்புறத் தோலுக்கும் உணர்வு தருகிறது. மாரடைப்பின் வலி இடக்கையின் உட்புறத்தில் உணரப்படுவதற்கு இந்த நரம்புத் தொடர்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

தாங்குகட்டையின் மேல்விளிம்பில் உடல் எடை முழுவதையும் சாய்த்து நடப்பவர்களுக்கு, அக்குளின் பின்பக்கம் செல்லும் ரேடியல் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போவதுண்டு. கட்டையின் மேல்விளிம்புக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இடைவெளி இருக்கவேண்டும் என்றும், எடையை உள்ளங்கைகளே தாங்கவேண்டும் என்றும் இயன்முறை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நிணநீர்க்கணுக்கள்

அக்குளின் கொழுப்புத் திசுவுக்குள் ஏறத்தாழ 20 முதல் 30 வரையிலான நிணநீர்க்கணுக்கள் உள்ளன. முன்கணுக்கள், பின்கணுக்கள், பக்கக்கணுக்கள், நடுக்கணுக்கள், முனைக்கணுக்கள் என இவை ஐந்து தொகுதிகளாகும். கை முழுவதன் நிணநீரும், தொப்புளுக்கு மேற்பட்ட உடற்பகுதித் தோலின் நிணநீரும், மார்பக நிணநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் இங்கே வந்து சேர்கின்றன.

விரலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் கக்கத்தில் வலியோடு ஒரு கட்டி எழும். இதனை நெறி கட்டுதல் என்று சொல்வது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கு. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கணுவில் பெருகுவதால் அது வீங்குகிறது. புண் ஆறியதும் பெரும்பாலும் நெறியும் வற்றிவிடும்.

பிறந்த குழந்தைகளுக்கு இடது மேற்கையில் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பிறகு, சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் சிறு நெறி தோன்றுவதுண்டு. பெரும்பாலும் இது தானாகவே அடங்கிவிடும். மிகப் பெரிதானாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். இத்தடுப்பூசியைத் தயாரிப்பதற்கான ஆய்வகம் 1948இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது.

நெறி கட்டுதலை அச்சத்தோடு பார்த்த காலமும் கோயம்புத்தூருக்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அந்நகரைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. பிளேக் கிருமி, எலித் தெள்ளுப்பூச்சி கடித்த இடத்திலிருந்து அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் செல்கிறது. காலில் கடித்திருந்தால் தொடை இடுக்கிலும், கையில் கடித்திருந்தால் அக்குளிலும் கடும் வலியோடு நெறி கட்டும். கடுங்காய்ச்சலோடு இந்நெறி தோன்றியவர்களில் பெரும்பாலோர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் சில நாட்களிலேயே இறந்தனர். கோயம்புத்தூரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் நினைவாக நிற்கின்றன.

மார்பகப் புற்றுநோயும் அக்குளும்

மார்பகப் புற்றுநோய் நிணநீர் வழியே பரவும்போது பெரும்பாலும் முதலில் சென்றடைவது அக்குள் கணுக்களையே. எத்தனை கணுக்களில் நோய் உள்ளது என்பது, நோயின் நிலையையும் சிகிச்சையையும் முடிவு செய்வதில் முக்கியமானது. அறுவை மருத்துவர்கள் இக்கணுக்களைப் பெக்டோரலிஸ் மைனர் தசையை அடையாளமாகக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றனர். தசைக்கு வெளிப்புறம் கீழே உள்ளவை முதல் நிலை, தசையின் பின்னே உள்ளவை இரண்டாம் நிலை, தசைக்கு உட்புறம் மேலே உள்ளவை மூன்றாம் நிலை. தமனியை மூன்றாகப் பிரிக்கும் அதே தசை இங்கும் அளவுகோலாகிறது.

முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் கணுக்கள் பெருமளவில் அகற்றப்பட்டன. அதன் விளைவாகச் சிலருக்கு நிணநீர் வடிய வழியின்றிக் கை நிரந்தரமாக வீங்கியது. அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் மரத்துப்போன உணர்வும் பலருக்கு ஏற்பட்டது. 1990களில் காவல் கணுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. மார்பகத்தில் நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தப்படுகிறது. அது முதலில் சென்று சேரும் ஓரிரு கணுக்கள் மட்டும் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் நோய் இல்லையெனில், மற்ற கணுக்களை அகற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமற்போகிறது.

இங்கு நினைவில் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கையில் புண்ணோ காய்ச்சலோ இருக்கும்போது தோன்றி, தொட்டால் வலித்து, சில வாரங்களில் வற்றும் நெறி பெரும்பாலும் தொற்றினால் வருவது. காரணம் தெரியாமல் தோன்றி, வலியில்லாமல் கெட்டியாக இருந்து, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி அவ்வாறானதல்ல. மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், காசநோய் ஆகியவை இவ்வாறு வெளிப்படக்கூடும். வலி இல்லை என்பதாலும், காட்டக் கூச்சப்படுவதாலும் பெண்கள் பலர் இத்தகைய கட்டியை மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். வலி இல்லாமல் இருப்பதே இங்கு மருத்துவரைப் பார்ப்பதற்கான காரணம் ஆகும்.

தோலும் வியர்வையும்

அக்குள் தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. எக்ரைன் சுரப்பிகள் உடலெங்கும் உள்ளவை. இவற்றின் நீர்த்த வியர்வை உடலைக் குளிர்விக்கிறது. அபோக்ரைன் சுரப்பிகள் அக்குள், பிறப்புறுப்புப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் மிகுதியாக உள்ளவை. பூப்புப் பருவத்தில்தான் இவை செயல்படத் தொடங்குகின்றன. இவற்றிலிருந்து வரும் கெட்டியான நீர்மத்துக்கு முதலில் மணம் ஏதுமில்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே வாடை உண்டாகிறது.

ஈரமும் உராய்வும் மிகுந்த இடமாதலால் படர்தாமரை எனப்படும் பூஞ்சைத் தொற்று இங்கு எளிதில் வருகிறது. தாமாகக் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கினாலும், பூஞ்சையை மேலும் பரவச் செய்கின்றன. மீண்டும் மீண்டும் கட்டிகள் எழுந்து சீழ் வடிந்து தழும்பாகும் நோய் ஒன்றும் உண்டு. ஹைட்ராடினைட்டிஸ் எனப்படும் இது அழுக்கினால் வருவதன்று. முடிக்கால்கள் அடைபடுவதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சி அது.

அக்குள் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கருத்துப்போவதைப் பலர் அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் குளிக்கின்றனர். தேய்ப்பதால் இது போகாது. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் வெளி அடையாளமாக இது பெரும்பாலும் அமைகிறது. கழுத்தின் பின்புறத்திலும் இவ்வாறு கருத்திருந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நரம்புப் பின்னல் காயங்கள்

புய நரம்புப் பின்னல் இரண்டு வகைகளில் இழுபட்டு அறுபடலாம். இரு சக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுபவர் தோள் தரையில் மோத விழும்போது, தலை ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் தள்ளப்படுகின்றன. கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான தொலைவு திடீரென அதிகரிப்பதால் மேல்வேர்கள் அறுபடுகின்றன. தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் முடியாமல் போகிறது. இதற்கு மாறாக, மரத்திலிருந்து விழுபவர் பிடிமானத்தைப் பற்றித் தொங்கும்போது, கை மேல்நோக்கி இழுபட்டுக் கீழ்வேர்கள் சேதமடைகின்றன. அப்போது தோள் அசையும், ஆனால் விரல்கள் அசையா. கடும் விபத்துகளில் ஐந்து வேர்களுமே அறுபட்டுக் கை முழுவதும் உணர்வற்றுத் தொங்கும்.

பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டாலும் இத்தகைய காயம் ஏற்படலாம். மேல்வேர்க் காயத்தை ஜெர்மானிய மருத்துவர் வில்லெல்ம் எர்ப் 1874இல் விளக்கினார். கீழ்வேர்க் காயத்தை 1885இல் விளக்கிய அகஸ்தா குளும்ப்கே, பாரிசில் மருத்துவம் பயின்ற முன்னோடிப் பெண்களுள் ஒருவர். இவ்விருவரின் பெயராலேயே அக்காயங்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன.

கொங்கு நாட்டின் தொழிலும் சாலையும் இத்தகைய விபத்துகளுக்கு இடம் தருகின்றன. பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்புகளில் மரமேறுவோர் உள்ளனர். பஞ்சாலைகள், வார்ப்படப் பட்டறைகள், பின்னலாடைத் தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் சுழலும் பட்டையிலோ உருளையிலோ துணி சிக்கினால் கை முழுவதும் இழுபடும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஆகிய நகரங்களுக்கு நாள்தோறும் இரு சக்கர வண்டியில் வேலைக்குச் சென்று வருவோர் ஏராளம். நரம்புப் பின்னல் காயங்களுக்கு இரு சக்கர வண்டி விபத்துகளே முதன்மைக் காரணம். அவற்றில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் உழைக்கும் வயதிலுள்ள இளைஞர்கள். தலைக்கவசம் உயிரைக் காக்கும், நரம்புப் பின்னலைக் காக்காது.

காலக்கெடு

அறுபட்ட நரம்பு மீண்டும் வளரக்கூடியது. ஆனால் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. கழுத்தில் உள்ள காயத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசை வரை 25 சென்டிமீட்டர் எனக் கொண்டால், நரம்பு அங்கே சென்றுசேர ஏறத்தாழ 250 நாட்கள் ஆகும். உள்ளங்கைத் தசைகளுக்கு 70 சென்டிமீட்டர் என்றால் 700 நாட்கள் ஆகும். நரம்புத் தூண்டல் இல்லாத தசையோ காத்திருப்பதில்லை. 12 முதல் 18 மாதங்களுக்குள் அது மெலிந்து, நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்காத நிலையை அடைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கே சிகிச்சையின் காலத்தை முடிவு செய்கிறது. தானாகத் திரும்புமா என்று தொடக்கத்தில் சில வாரங்கள் பார்க்கப்படுகிறது. திரும்புவதற்கான அறிகுறி இல்லையெனில், விபத்து நடந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நரம்பு அறுவை சிகிச்சை செய்வதே நல்ல பலன் தரும். விபத்துக்குள்ளான பக்கத்தில் கண்ணிமை தாழ்ந்து கண்பாவை சிறுத்திருந்தால், கீழ்வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய வேர் தானாக மீளாது என்பதால் காத்திருப்பதில் பயனில்லை.

பலர் இந்தக் காலத்தை அறியாமலே இழக்கின்றனர். விபத்தில் எலும்பும் முறிந்திருந்தால் கவனம் முழுவதும் அதன்மீதே செல்கிறது. மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ பிரித்த பிறகுதான் கை அசையவில்லை என்பது தெரியவருகிறது. எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று மேலும் சில மாதங்கள் கழிகின்றன. எலும்பு கூடிவிடுகிறது, நரம்பின் காலக்கெடு முடிந்துவிடுகிறது.

சிகிச்சை

நடுவில் அறுபட்ட நரம்பின் இரு முனைகளுக்கும் இடையே, காலிலிருந்து எடுக்கப்படும் உணர்வு நரம்பை ஒட்டுத்துண்டாக வைத்துத் தைக்கலாம். வேரே பிடுங்கப்பட்டிருந்தால் தைப்பதற்கு முனை இருக்காது. அப்போது வேறு வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு நரம்பைத் திருப்பி, செயலிழந்த தசைக்கு இணைக்கின்றனர். இது நரம்பு மாற்று எனப்படுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபெர்லின் 1994இல் வெளியிட்ட முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அக்குளுக்குச் சற்றுக் கீழே, மேற்கையின் உட்புறத்தில் அல்னார் நரம்பும், முழங்கையை மடக்கும் தசைக்குச் செல்லும் நரம்பும் அருகருகே உள்ளன. அல்னார் நரம்பின் பல இழைக்கற்றைகளில் ஒன்றை மட்டும் பிரித்து அத்தசையின் நரம்போடு தைத்தால், கையின் மற்ற வேலைகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. கழுத்திலிருந்து 25 சென்டிமீட்டர் வளரவேண்டிய நரம்பு, இப்போது சில சென்டிமீட்டர்கள் வளர்ந்தால் போதும்.

கை முழுவதும் செயலிழந்தவர்களுக்கு விலா இடை நரம்புகளை அக்குள் வழியாகத் திருப்பிக் கொண்டுவருகின்றனர். இவை மூச்சு விடுவதற்கு உதவும் நரம்புகள். அதனால் தொடக்கத்தில் நோயாளி மூச்சை ஆழமாக இழுத்தால்தான் முழங்கை மடங்கும். தொடர்ந்த பயிற்சியில் மூளை புதிய இணைப்பைக் கற்றுக்கொள்கிறது. பிறகு மூச்சை நினைக்காமலே கையை மடக்க முடிகிறது. காலம் கடந்து வருவோருக்குத் தொடையிலிருந்து ஒரு தசையை அதன் நரம்போடும் இரத்தக் குழாயோடும் எடுத்துக் கையில் பொருத்தும் நுண் அறுவை சிகிச்சையும் உண்டு.

உள்ளதை எடுத்து இல்லாததற்குப் பயன்படுத்தும் இக்கருத்து தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கான துறையை வளர்த்தெடுத்தார்.

கோயம்புத்தூரில் மயக்கவியல் மருத்துவர் ஜே. ஜி. சண்முகநாதனும் அவர் மனைவி கனகவல்லியும் 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, கை அறுவை சிகிச்சைக்கும் நுண் அறுவை சிகிச்சைக்கும் உலக அளவில் அறியப்பட்ட மையமாக வளர்ந்துள்ளது. மருத்துவர் எஸ். ராஜா சபாபதியின் தலைமையில் அங்கு நரம்புப் பின்னல் காயங்களுக்கும், எந்திரத்தில் சிக்கிய கைகளுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பிற நாடுகளின் மருத்துவர்களும் அங்கு பயிற்சிக்கு வருகின்றனர். இத்தகைய அறுவை சிகிச்சைகள் பலவற்றில் கையை மட்டும் மரத்துப்போகச் செய்ய, மயக்கவியலார் ஊசி போடும் இடமும் இதே நரம்புப் பின்னலே. கழுத்தின் அடியிலோ அக்குளிலோ மருந்து செலுத்தப்படுகிறது.

முதலுதவி

அக்குளில் ஆழமான வெட்டுக்காயம் ஏற்பட்டால், கையில் கட்டுவதுபோல் இறுக்குக்கட்டுப் போட முடியாது. தூய துணியைக் காயத்துக்குள் திணித்து, விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே மற்றொன்றை வைத்து அழுத்தவேண்டும்.

விபத்தில் அடிபட்டவர் நினைவோடு இருந்தால் தோளை உயர்த்துதல், முழங்கையை மடக்குதல், மணிக்கட்டைத் தூக்குதல், விரல்களை மடக்கி விரித்தல் ஆகியவற்றைச் செய்ய முடிகிறதா என்று கவனிக்கலாம். இவற்றில் எது முடியவில்லை என்பதையும், எந்த நாள் முதல் முடியவில்லை என்பதையும் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். எலும்பு முறிவுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும், விரல்களோ முழங்கையோ அசையாமல் இருப்பின் நரம்புக்காகத் தனியே கேட்டறிவது அவசியம். நரம்பு அறுவை சிகிச்சைக்கு உகந்த மாதங்கள் விபத்து நடந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன.